மேல் கதவின் கைப்பிடி

ஜன்னல் கைப்பிடி தன் குற்றத்தால் உடைவது அபூர்வம். கீல் தொய்ந்திருக்கும். மழையில் கதவு ஊதியிருக்கும். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அடித்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடைவெளி போயிருக்கும். கதவு முரண்டு பிடிக்கும். நாம் கைப்பிடியைப் பிடித்து இழுப்போம். வராவிட்டால் இன்னும் ஓங்கி இழுப்போம். ஜன்னலின் எந்த மூலையில் கோளாறு இருந்தாலும் அடி விழுவது அந்த நாலு அங்குலத்தின் மேல்தான். உடைந்தபின் கடைக்குப் போய், "ஒரு கைப்பிடி கொடுங்க" என்கிறோம். கீலைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

*

நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. இரும்பைப் பார்த்தால் தெரியும். கேட், சைக்கிள், மொட்டைமாடிக் கொடிக்கம்பி எதுவானாலும் வாங்கிய வருடமே துரு பிடித்துவிடும். பித்தளைதான் தாக்குப்பிடிக்கிறது. வீடு கட்டியவர்கள் அது தெரிந்துதான் ஜன்னலுக்கெல்லாம் பித்தளைக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். கதவு பர்மா தேக்கு என்று சொல்லிக்கொள்வோம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவ்வளவும் உண்மையென்றால் பர்மாவில் காடே மிஞ்சியிருக்காது.

தெருப்பக்கத்து ஜன்னலுக்கு நாலு கதவு. கீழ் இரண்டும் மறைப்புக்கு, மேல் இரண்டும் காற்றுக்கு. கீழ்க் கதவுகளை நாங்கள் திறப்பதே இல்லை. திறந்தால் தெருவில் போகிறவர் கூடத்தில் சாப்பிடுகிறவரின் தட்டை எட்டிப் பார்க்கலாம். மேல் கதவுகளுக்கு ஓய்வே கிடையாது. விடிந்ததும் திறக்க வேண்டும், தூறல் விழுந்தால் சாத்த வேண்டும், விட்டால் திறக்க வேண்டும், விளக்கு வைத்ததும் கொசுவுக்குச் சாத்த வேண்டும். கம்பி உள்பக்கம் இருக்கிறது, கதவு வெளியே திறக்கிறது. சாத்துவதற்குக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, கொக்கியை எடுத்து, கைப்பிடியைப் பற்றி இழுக்க வேண்டும். மழை நாளில் முழங்கை வரை நனையும்.

இந்த வருடம் ஐப்பசி அடைமழையில் அப்படி இழுத்தபோது வலது மேல் கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஒரு கால் கதவிலேயே தங்கிவிட்டது.

*

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாதி கருத்திருந்தது, பாதி பளிச்சென்று மஞ்சளாக, சர்க்கரைப் பருக்கை மாதிரி மினுங்கியது. பளிச்சென்ற பாதி அன்றைக்கு உடைந்தது. கருத்த பாதி என்றைக்கோ விட்ட விரிசல். காற்றும் ஈரமும் உள்ளே போய்க் கறுக்கும் அளவுக்குப் பழையது. கருத்த பாதியின் ஓரத்தில் கடுகளவு ஒரு குழி. அதன் சுவர் மட்டும் வழவழப்பாக இருந்தது. உருக்கிய பித்தளையை மணல் அச்சில் ஊற்றும்போது மாட்டிக்கொண்ட காற்று அது. விரிசல் அங்கிருந்து கிளம்பியிருக்கிறது.

ஆக, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் பாதி உடைந்த கைப்பிடி ஒன்று பல மழைக்காலங்களைத் தாண்டியிருக்கிறது. பாதி உலோகம் முழு வேலையையும் செய்தது. முனகல்கூட இல்லை. கதவுதான் முனகியது, அதற்கு நாங்கள் கீலில் எண்ணெய் விட்டோம்.

*

மழைக்காலத்தில் பித்தளை வெடிப்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியில், இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்திருந்தன. சுட்டவர் இல்லை, தட்டியவர் இல்லை. காரணம் 1921இல்தான் தெளிவானது. உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. அதோடு ஈரமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் சேர்ந்தால் போதும், விரிசல் ஓடும். உறையைப் பதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் வெடிப்பதில்லை.

எங்களுடையது வார்ப்பு. அதற்குள் அந்த அளவு இறுக்கம் இருக்காது. அருகில் குதிரையும் இல்லை. இருந்தாலும், தொடாமல் வைத்த தோட்டா உள்ளிறுக்கத்தால் வெடித்தது என்பதைப் படித்ததிலிருந்து, சும்மா இருக்கும் பொருளைச் சும்மா இருப்பதாக என்னால் நினைக்க முடிவதில்லை.

*

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. அந்த இரவில் காற்றை எதிர்கொண்ட பக்கத்து ஜன்னல்களைப் பற்றி நாங்கள் பயந்தோம். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே திறக்கும் கதவை எதிர்க்காற்று நிலையோடு சேர்த்து அழுத்தி வைத்துவிடுகிறது. காற்றுக்கு மறைவான பக்கம்தான் ஆபத்து. வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும் காற்று அந்தப் பக்கத்தில் உறிஞ்சுகிறது. கதவை வெளியே பிடுங்கப் பார்க்கிறது. தாழ்ப்பாள் ஆடத் தொடங்கியதும் நைலான் கயிற்றைக் கைப்பிடியில் கோத்துக் கம்பியில் கட்டினோம். கைப்பிடி என்பது கைக்காக மட்டும் செய்ததென்று அன்றுவரை நினைத்திருந்தேன். விடியும்வரை அது கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

*

ஹார்டுவேர்ஸ் கடையில் உடைந்த கைப்பிடியை மேஜைமேல் வைத்தேன். கடைக்காரர் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"இது இப்ப வர்றதில்லீங்க சார். கபோர்டு ஹேண்டில் இருக்கு, பாக்குறீங்களா?"

பார்த்தேன். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் கபோர்டு கைப்பிடிக்குப் பின்னாலிருந்து திருகு ஏற வேண்டும். ஜன்னல் கதவில் அப்படித் துளைத்தால் திருகின் தலை வெளியே இருக்கும். மழைத்தண்ணீர் அந்தத் துளையைத் தேடி வரும், தெருவில் நிற்கிறவனும் கழற்றிப் பார்க்கலாம். ஜன்னலுக்கு முன்பக்கத்திலிருந்தே திருகு பிடிக்கிற கைப்பிடிதான் வேண்டும். அதுவும் உயரமாக இருக்கக் கூடாது. எங்கள் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே இருப்பது ஒன்றரை அங்குலம். அதைத் தாண்டினால் கதவு சாத்துவதற்கு முன்பே கைப்பிடி கம்பியில் இடிக்கும்.

அடுத்து வரிசையாக எடுத்துப் போட்டார். அலுமினியம் கையில் இருப்பதே தெரியவில்லை. பித்தளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. பித்தளை முலாம் பூசிய ஒன்று பார்வைக்கு எங்களுடையது போலவே இருந்தது. உள்ளே துத்தநாகக் கலவை. மடங்காது, ஒரு நாள் பட்டென்று முறியும். கடைசியில் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எந்த எஸ்.எஸ். என்று கேட்டேன். கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். 304 என்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். உப்புக்காற்றில் அது சீக்கிரமே பழுப்புப் புள்ளி போடும். மாலிப்டினம் சேர்ந்த 316 எங்கள் ஊருக்கு இன்னும் நல்லது, சின்னக் கடையில் கிடைக்காது. காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பலனில்லை. 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

304 என்று எழுதியிருந்த ஒன்றை வாங்கினேன். பித்தளைத் திருகும் கேட்டேன். "அதுக்கு எஸ்.எஸ். திருகே கூட வருது சார்" என்றார். எதற்கென்று அப்போது எனக்கே தெளிவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

*

மழையில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கைவிட்டு எடுத்தால் விரலில் ஓர் இரும்பு வாடை. இரும்புக்குத் தனியாக அப்படி ஒரு வாடை இல்லை என்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தோலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் இரும்பில் பட்டு மாறுவதால் வருவது அது. கம்பியின் வாடை என்று நாம் முகர்வது நம் கையைத்தான்.

*

ஆசாரி வந்தார். கைப்பிடியைக் கையில்கூட வாங்கவில்லை. கதவைத் திறந்தார், சாத்தினார், பாதியில் நிறுத்தினார். கீழ் மூலையில் பெயின்ட் வழித்துக்கொண்டு போயிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இங்க உரசுது பாருங்க தம்பி. இத எத்தன வருசமா இழுத்துக்கிட்டு இருக்கீங்க?"

மேல் கீலின் திருகுகள் தளர்ந்து கதவு முன்பக்கம் சரிந்திருந்தது. திருகுகளைக் கழற்றி, அகன்றுபோன துளைகளில் ஃபெவிகால் தோய்த்த தீக்குச்சிகளை அடைத்து, கொஞ்சம் நீளமான திருகு போட்டு முடுக்கினார். பிறகு கீழ்க் கீலுக்குப் பின்னால் ஒரு துண்டு அட்டை. மேலே தொய்ந்த கதவுக்குக் கீழே ஏன் அட்டை என்று கேட்டேன். கீழ்க் கீலை ஒரு நூல் வெளியே தள்ளினால் கதவு முழுக்கச் சாய்ந்து எதிர் மூலை எழும்பும் என்றார். எழும்பியது. (நாட்டில் மீட்டர் அளவு வந்து அறுபது வருடத்துக்கு மேலாகியும் மரவேலைக்கு நூல்தான்: அங்குலத்துக்கு எட்டு நூல்.)

உரசல் குறைந்தது, போகவில்லை. இழைப்புளி வைத்துச் சீவிவிடலாமே என்றேன். தலையை ஆட்டினார்.

"கார்த்திகையில சீவக்கூடாது தம்பி. இப்ப ஊதியிருக்கு. மாசியில காஞ்சதும் அந்தச் சந்துல காத்து வரும்."

மரம் நீளவாக்கில் அனேகமாக ஊதுவதில்லை, அகலவாக்கில்தான் ஊதும். தேக்கில் அதுவும் குறைவு. இவ்வளவு ஊதுகிறதே, இது தேக்குதானா என்று கேட்க வாய் வந்தது. அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

*

தங்கை சென்னையில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறாள். அங்கே யுபிவிசி ஜன்னல். போன கோடையில் அதன் கைப்பிடி முறிந்தது. கைப்பிடியின் அடித்தகட்டைக் கால் வட்டம் திருப்பினால் இரண்டு திருகுகள் தெரியும். அவற்றுக்கு நடுவே 43 மில்லிமீட்டர், உள்ளே போகும் சதுரத் தண்டு 7 மில்லிமீட்டர். இந்த வகை ஜன்னலில் பெரும்பாலான கம்பெனிகள் இதே அளவைத்தான் வைக்கின்றன. தண்டின் நீளம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து வேறு கம்பெனிக் கைப்பிடியை வாங்கி, காபி ஆறுவதற்குள் மாட்டிவிட்டாள். எங்கள் பித்தளையைச் செய்த பட்டறை தன் அளவைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. பழசை நினைத்து உருகுகிறவன்தான் நானும். ஆனால் யாரோ முகம் தெரியாதவர்கள் ஓர் அளவுக்கு ஒத்துக்கொண்டதில் இருக்கும் அக்கறை, கொடி வேலைப்பாட்டில் இருக்கும் அக்கறைக்குக் குறைந்ததில்லை.

*

புதுக் கைப்பிடியை மேல் கதவில் வைத்துப் பார்த்தோம். இரண்டு நூல் உயரம் கூடுதல். கம்பியில் உரசியது, விரல் நுழைய இடமில்லை.

அம்மாதான் சொன்னாள்: "கீழ்க் கதவுல இருக்கறதக் கழட்டி மேல போடுங்களேன். அத யாரு தொடறா?"

கழற்றியபோது இரண்டு கைப்பிடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஒரே அச்சில் வார்த்தவை. மேல் கதவுடையதில் விரல் படும் இடத்தில் கொடி வேலைப்பாடு முழுக்க அழிந்து வழுவழுவென்று இருந்தது. கீழ்க் கதவுடையதில் இலை நரம்புகள்கூட எண்ணக் கிடைத்தன, பச்சைக் களிம்புக்கு அடியில். குழி இருக்குமோ என்று ஆசாரி அதைத் தரையில் தட்டி ஒலி கேட்டார். திருப்தி.

பழைய திருகுகள்தான் படுத்தின. பித்தளையோடு இரும்புத் திருகு சேர்ந்து உப்பு ஈரத்தில் இருந்தால் பித்தளை தப்பித்துக்கொள்ளும், இரும்பு கரையும். தலை பாதி போயிருந்தது. ஒன்றின்மேல் சூடான சால்டரிங் கம்பியை வைத்து, ஆறியதும் எடுத்தார். இன்னொன்று வரவே இல்லை. தலையை அறுத்துவிட்டு உடலை மரத்துக்குள்ளேயே விட்டார்.

நான் வாங்கி வைத்திருந்த பித்தளைத் திருகுகளை அப்போது கொடுத்தேன். முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். ஆனால் நேரே போடவில்லை. பித்தளை மெத்தென்ற உலோகம், கெட்டி மரத்தில் பாதி வழியில் தலை கழன்றுவிடும். அதே அளவு இரும்புத் திருகு ஒன்றை முதலில் ஏற்றி, மரத்தில் புரி வெட்டிக்கொண்டு, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளைத் திருகை மெழுகுவர்த்தியில் தேய்த்துப் போட்டார். முடுக்கி முடித்து, எல்லாத் திருகின் வெட்டும் மேல்கீழாக நிற்கும்படி திருப்பி வைத்தார். குறுக்கே நின்றால் தண்ணீர் தங்கும் என்றார்.

எஸ்.எஸ். கைப்பிடி கீழ்க் கதவுக்குப் போனது. பழைய துளைகளுக்கு மரச்சிராய் அடைத்து, அரை அங்குலம் தள்ளிப் பொருத்தினார். அங்கே கம்பியில் உரசினால் என்ன, திறக்கப்போவது யார்? பார்க்கப் பொருத்தமில்லைதான். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது, தினமும் துணியால் துடைக்கிறாள்.

உடைந்த பித்தளையை ஆசாரி கேட்டார், கொடுத்துவிட்டேன். கூலியில் அதற்கு இருபது ரூபாய் கழித்துக்கொண்டார். போகும்போது, மேல் கதவின் கீழ் மூலையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். மாசியில் அந்தக் கோடுவரை உரசினால்தான் சீவுவாராம். "உரசலைன்னா கூப்பிடாதீங்க தம்பி, பஸ் சார்ஜ் வேற."