கரடி அறியாத சேவை

டெல்லியிலிருந்து மதுரா, பிருந்தாவனம் செல்லும் யாத்திரிகர்களில் பலர் அதே சாலையில் ஆக்ரா வரையிலும் செல்வதுண்டு. ஆக்ராவை நெருங்கும் வேளையில், நெடுஞ்சாலையை ஒட்டிய மரங்களுக்குப் பின்னால் சூர் சரோவர் என்ற ஏரி இருக்கிறது. கண்ணனைப் பாடிய பக்த கவி சூர்தாசரின் நினைவு படிந்த இடம் அது. அந்த வனப்பகுதியில் 1999-ஆம் ஆண்டு, உத்தரப் பிரதேச வனத்துறையின் ஒத்துழைப்போடு, ‘வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.’ அமைப்பு கரடிகளுக்கென ஒரு காப்பகத்தை நிறுவியது. தெருக்களில் ஆட வைக்கப்பட்ட கரடிகள் 2002 டிசம்பர் முதல் அங்கே வந்து சேரத் தொடங்கின.

டெல்லியில் வாரந்தோறும் கூடும் தமிழ்ச் சத்சங்கக் குழு ஒன்று, யாத்திரையோடு சேர்த்து ஒரு நாளை இந்தக் காப்பகத்தில் சேவைக்காகச் செலவிட எண்ணியது. அறிவிப்பு வந்த அன்றே 32 பேர் பெயர் கொடுத்தார்கள். குழந்தைகளை அழைத்து வரலாமா, கரடிக்கு வாழைப்பழம் வாங்கி வரலாமா, அதனுடன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. உற்சாகத்துக்குக் குறைவில்லை.

குழுவின் பொறுப்பாளர், பணி ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, முறைப்படி முன் அனுமதி பெறுவதற்காக விசாரித்தார். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த செய்தி இது: கரடியைத் தொட முடியாது, கையால் உணவு ஊட்ட முடியாது, வெளியிலிருந்து தின்பண்டம் எடுத்துச் செல்லக் கூடாது. பழம் நறுக்கலாம், கஞ்சி காய்ச்ச உதவலாம், உணவுப் பாத்திரங்களைத் தேய்க்கலாம், கரடிகள் வேறிடத்தில் அடைக்கப்பட்டிருக்கும் நேரத்தில் அவை உலவும் இடத்தைச் சுத்தம் செய்யலாம்.

“அப்படியானால் அங்கே போய் என்ன பயன்?” என்றார் ஓர் அன்பர்.

பட்டியலில் 13 பெயர்களே எஞ்சின.

அந்த அன்பரின் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. யாருக்குப் பயன் என்பதை அது வெளிப்படையாகவே கேட்டுவிட்டது. பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில், சாத்வீக தானத்தின் இலக்கணத்தைக் கூறும் பகவான், உரிய இடம், உரிய காலம், உரிய பாத்திரம் ஆகியவற்றோடு கைம்மாறு கருதாமையையும் சேர்க்கிறார். கைம்மாறு என்றதும் பணமும் புகழுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு விலங்கின் மென்மையான ரோமத்தைத் தடவும் இன்பமும் கைம்மாறுதான். அது நன்றியோடு நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அவ்வாறே. (கரடி நன்றியோடு பார்த்ததாக எழுதப்படும் பயணக் குறிப்புகள் பல உண்டு. அது கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம்.)

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் கூறும் பரத மன்னரின் கதையை அன்பர்கள் அறிவார்கள். அரசைத் துறந்து, கண்டகி நதிக்கரையில் தவத்தில் இருந்தார் அவர். சிங்கத்தின் கர்ஜனையைக் கேட்டு அஞ்சிய சினைமான் ஒன்று ஆற்றைத் தாண்டிப் பாய்ந்தது. அதன் குட்டி நீரில் விழுந்தது, தாய் இறந்தது. குட்டியை எடுத்து வந்து காப்பாற்றினார் பரதர். அவர் செய்தது தர்மமே. அதை எந்த ஆசாரியரும் குறை கூறப் போவதில்லை. குட்டியைத் தூக்கிய கை அதை விட மறுத்தபோதுதான் பந்தம் தொடங்கியது. ‘இந்த மான்’ மெல்ல மெல்ல ‘என் மான்’ ஆயிற்று. கடைசி மூச்சிலும் அதையே நினைத்து, அவர் மானாகப் பிறந்தார்.

ஆடும் கரடியின் வாழ்க்கையை அறிந்தவர்கள், தொடக் கூடாது என்ற விதியின் பொருளையும் அறிவார்கள். தாயைக் கொன்று குட்டி கவரப்படும். சில மாதங்களே ஆன அதன் மூக்கின் மேற்புறத்தை, மயக்க மருந்து எதுவும் இன்றி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்துக் கயிறு கோப்பார்கள். கோரைப் பற்களைத் தட்டி உடைப்பார்கள். கயிறு இழுபடும் வலி பொறுக்காமல் அது பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். அதற்குத்தான் தெருவில் நடனம் என்று பெயர். கரடிகளைப் பழக்கிக் காட்சிப்படுத்துவதை 1998-இல் மத்திய அரசின் அறிவிக்கை தடை செய்தது. ஆயினும் கடைசிக் கரடி தெருவிலிருந்து மீட்கப்பட 2009 டிசம்பர் வரை ஆயிற்று. மீட்கப்பட்டவை 600-க்கும் மேல். பல் இழந்து, காட்டில் இரை தேடப் பழகாத இவற்றை மீண்டும் காட்டில் விட இயலாது. ஆயுள் முழுவதும் காப்பகமே வீடு. மனிதக் கை என்றால் அவை கண்டது கயிற்றைப் பிடித்த கையைத்தான்.

கரடியை ஆட வைத்த கலந்தர் சமூகத்தாரைப் பழிப்பது எளிது. தலைமுறைகளாக வேறு தொழில் அறியாத ஏழைகள் அவர்கள். அதனால்தான் கரடியை ஒப்படைத்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலும், பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பும் கிடைக்க வழி செய்யப்பட்டது. கயிற்றின் மறுமுனையில் காசு கொடுத்தவர்களும் நின்றிருந்தார்கள்.

இதைச் சத்சங்கத்தில் சொன்னவர் மூத்த தாயார் ஒருவர். அதுவரை அவர் வாய் திறக்கவில்லை.

“என் மூத்த பிள்ளைக்கு மூன்று வயதில் விடாத காய்ச்சல். கரடி முடி வைத்துத் தாயத்துக் கட்டினால் பயம் தெளியும் என்றார்கள். வாசலுக்கு வந்த கரடிக்காரரிடம் இரண்டு ரூபாய் கொடுத்தேன். என் கண் முன்னால்தான் முடியைப் பிடுங்கிக் கொடுத்தார். மூக்கில் கயிறு இருந்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.”

கூடத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் பொறுப்பாளரிடம், “உட்கார்ந்து பழம் நறுக்கும் வேலை இருக்குமா ஐயா? என்னால் நின்று பாத்திரம் தேய்க்க முடியாது” என்றார்.

அதன் பிறகு ஏற்பாடுகள் விரைவாக நடந்தன. கோடையில் ஆக்ராவின் வெயில் 45 டிகிரியைத் தொடும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி சாலையை மறைக்கும். ஆகவே நவம்பர் என முடிவாயிற்று. பளிச்சிடும் நிறத்தில் ஆடை வேண்டாம், வாசனைத் திரவியம் வேண்டாம், உரத்த பஜனையும் வேண்டாம் என்று குழுவே தனக்கு விதித்துக்கொண்டது. காணிக்கை எடுத்துச் செல்ல விரும்பியவர்கள், எது தேவை என்று முன்கூட்டியே கேட்டு அதை மட்டும் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். இது சிறிய செய்தி அல்ல. பழைய போர்வைகளையும் மீந்துபோன இனிப்பையும் சுமந்து சென்று, வாங்குவோருக்குச் சுமையாக்கிவிட்டுத் திரும்பும் சேவைகள் எத்தனையோ!

பயணத்துக்கு முந்திய நாள் பொறுப்பாளருக்கு இருமல் கண்டது. காய்ச்சல் இல்லை, சாதாரண இருமல்தான். காசநோய் மனிதரிடமிருந்து விலங்குகளுக்கும் பரவக்கூடியது. நலிந்த உடலுள்ள கரடிகளிடம் நோயாளி செல்லக் கூடாது என்று குழுவினருக்கு எடுத்துச் சொன்னவரே அவர். இருமல் எதனால் என்பது பரிசோதித்தால்தான் தெரியும். இரண்டு மாதம் கடிதம் எழுதி, வண்டி பேசி, அனுமதி பெற்றவர், வர வேண்டியவர் என்று எல்லோரும் வற்புறுத்தினார்கள். அவர் விடியற்காலையில் வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து, சற்றுத் தள்ளி நின்று, அனுமதிக் கடிதத்தை இளைஞர் ஒருவரிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லி மதில்மேல் வைத்தார். பன்னிரண்டு பேரை எண்ணி ஏற்றிவிட்டு வீடு திரும்பினார்.

அன்று பகல், அந்தத் தாயார் மர நிழலில் அமர்ந்து பப்பாளியை நறுக்கிக்கொண்டே இருந்தார். கூடைகள் நிறைய நிறைய ஊழியர்கள் எடுத்துச் சென்றார்கள். அடைப்பின் கதவு திறந்து கரடிகள் உணவுக்கு வெளியே வந்தபோது, அவர் அடுத்த பழத்தைக் கையில் எடுத்திருந்தார்.