துணைக்குப் போகிறவர்

சாதனை புரிந்தவர்களைப் பாராட்டுவதற்கு நம் நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. மாலை போடுகிறோம், படம் பிடிக்கிறோம், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு அழைத்து வந்து பேசச் சொல்கிறோம். அந்தச் சாதனையாளருக்காகத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போன மனிதரை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு எப்போதும் கதாநாயகர்களைவிடத் துணைப் பாத்திரங்களின்மேல்தான் கண். அவர்கள் படுகிற தர்மசங்கடம் கதாநாயகர்களுக்குக் கிடையாது.

காஷ்மீரத்திலிருந்து குமரிக்கு இறங்குகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை எங்கள் சாத்தூர் வழியாகத்தான் போகிறது. வைப்பாற்றைத் தாண்டினால் குமரிமுனை இன்னும் சுமார் 160 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் காரில் போய் இறங்கினாலே நாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அஜ்மீரைச் சேர்ந்த சூஃபியா கான் என்ற பெண்மணி, 2019-ல் காஷ்மீரத்திலிருந்து குமரி வரை ஓடியே வந்து சேர்ந்தார். ஏப்ரல் 25-ஆம் தேதி புறப்பட்டு ஜூலை 21-ஆம் தேதி வந்து முடித்தார். 4,035 கிலோமீட்டர், 87 நாள், 2 மணி, 17 நிமிஷம். கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது, நியாயந்தான். ஆனால் அந்த 87 நாளும் அவருடைய ஓட்டத்துக்கு ஈடாக வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி, சோறும் படுக்கையும் தேடிக் கொடுத்த துணை ஒன்றும் இருந்தது. அப்படித் துணைக்குப் போகிறவரின் கடமை எது என்பதுதான் சில நாளாக என் மனத்தைக் குடைகிற கேள்வி.

தண்ணீர் கொடுப்பதும் காலுக்குத் தைலம் தேய்ப்பதும் கடமைதான். அதில் கேள்வி எழவில்லை. ஓடுகிறவர் நடுவழியில் உட்கார்ந்து, "என்னால் முடியாது, விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும்போதுதான் கேள்வி எழுகிறது.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒரு மலைப்பாதை உண்டு. 14 மாநிலங்களின் வழியே சுமார் 3,500 கிலோமீட்டர், காடும் பாறையும் ஏற்றமும் இறக்கமுமாகப் போகிறது. 2011-ல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் என்ற பெண் அதை 46 நாள், 11 மணி, 20 நிமிஷத்தில் கடந்தார். அன்றுவரை ஆண்களோ பெண்களோ யாரும் அத்தனை விரைவில் கடந்ததில்லை. துணைக்குப் போனவர் கணவர் ப்ரூ, பள்ளிக்கூட ஆசிரியர். பாதை சாலையைச் சந்திக்கிற இடங்களிலெல்லாம் வண்டியோடு காத்திருந்து உணவு கொடுப்பது அவர் வேலை. புறப்பட்டுச் சில நாட்களிலேயே அந்தப் பெண்ணுக்குக் கால் எலும்பில் கடும் வலி, குளிர், வயிற்றுக் கோளாறு. ஒரு சாலை ஓரத்தில் கணவரிடம் வந்து, இத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார். விடுவதானால் விடலாம், ஆனால் இப்போது விடக்கூடாது. சாப்பிடு, மருந்து குடி, நாளை வரை நட, பிறகு பார்ப்போம் என்ற கருத்தில் பதில் சொன்னாராம் கணவர். அவர் நடந்தார்.

முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நோயோடு நிற்கிற மனைவியிடம் சொல்கிற பேச்சா இது? பிறகு பரீட்சைக் காலத்தில் நம் வீடுகளில் நடப்பது நினைவுக்கு வந்தது. "நாலு மணிக்கு எழுப்பிவிடம்மா, நான் என்ன சொன்னாலும் விடாதே" என்று பையன் சொல்லிவிட்டுப் படுக்கிறான். நாலு மணிக்கு அவனே, "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று கெஞ்சுகிறான். அம்மா எந்தப் பையன் பேச்சைக் கேட்பது? படுக்கும்போது சொன்னவனும் மகன்தான். விடியலில் கெஞ்சுகிறவனும் மகன்தான். தீர்மானம் செய்தவனே நிஜம், களைத்தவன் பொய் என்று சொல்வது லட்சியவாதிகளின் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. களைப்பும் மனிதனுடையதுதான். ப்ரூ டேவிஸின் பதிலில் எனக்குப் பிடித்தது அதுவே. அவர் மனைவியின் வாயை அடைக்கவில்லை. விடுகிற உரிமையை அவளிடமே வைத்தார். அந்த வேளையிடம் மட்டும் கொடுக்க மறுத்தார்.

ஆனால் அந்தப் பெண் வெற்றியோடு முடித்ததால்தானே இதை நாம் ரசிக்கிறோம்? வேறுவிதமாக முடிந்திருந்தால்?

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். 1971-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பியவர். 51 மணி நேரம் தண்ணீரில் கிடந்தவர். 1984 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். அந்தக் கால்வாயில் நீந்துகிறவரோடு ஒரு படகு போகும். படகிலிருப்பவர்கள் உணவு கொடுக்கலாம், உற்சாகப்படுத்தலாம், தொடக்கூடாது. ஒரு கை பட்டால் அந்த நீச்சல் அங்கேயே முடிந்துபோகும். அன்று கூடப் போனவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. படகில் உட்கார்ந்திருக்கிற எந்த மனிதனின் கையையும் நினைத்துப் பாருங்கள். நீட்டினால் ஒருவருடைய பல வருஷத் தவம் போய்விடும். நீட்டாவிட்டால் உயிரே போகலாம். எந்தக் கணத்தில் நீட்டுவது?

இதற்கு விடை சொல்லும் தகுதி படித்தவர்களுக்குத்தான் உண்டு என்று எண்ண வேண்டாம். எனக்குத் தெரிந்த குட்டியானை வண்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். வருஷம் முழுவதும் சிவகாசிப் பட்டாசுப் பெட்டி ஏற்றுவார். தை மாதத்தில், பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கு நடக்கிற கூட்டத்தோடு அடுப்பும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு போவார். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. வண்டியில் ஏறிவிட்டால் வேண்டுதல் பங்கமாகிவிடும் என்பது நடக்கிறவர்களின் எண்ணம். யாரை ஏற்றுவது, யாரை நடக்கவிடுவது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன்.

"காலு வலிக்குன்னு எல்லாரும்தான் சொல்லுவாக அண்ணாச்சி. எட்டயபுரம் தாண்டுனா ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் என்னையத்தான் வைவாக. வஞ்சுக்கிட்டே நடக்கிற ஆளு நடந்துரும். பேச்சு நின்னுபோச்சுன்னாத்தான் எனக்குப் பயம். பேரு கேப்பேன், ஊரு கேப்பேன். பதிலு கோணலா வந்துச்சுன்னா, வேண்டுதலாவது ஒண்ணாவது, தூக்கி வண்டியில போட்டுருவேன்."

"முருகன் கோபித்துக்கொள்ள மாட்டாரா?"

"கோவிச்சா எங்கிட்டக் கோவிச்சுக்கிடட்டும். நான் ஒண்ணும் வேண்டிக்கிடலையே?"

இந்தக் கடைசி வாக்கியத்தில் அவர் சொன்னது அவருக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். வேண்டுதல் அவருடையதல்ல, அதனால்தான் அதை உடைக்கிற துணிவு அவருக்கு இருக்கிறது. கணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இது அத்தனை சுலபமல்ல. எண்பது நாள் வண்டி ஓட்டியவருக்கு அந்தச் சாதனை தன்னுடையதாகவும் ஆகிவிடுகிறது. "உனக்காகத்தான் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் ஓடு" என்னும்போது, அதில் எவ்வளவு அவளுக்காக, எவ்வளவு தன் உழைப்பு வீணாகாமலிருக்க? மகனை நாலு மணிக்கு எழுப்புகிற அம்மாவிடமும் இதைக் கேட்கலாம். கேட்டால் எந்த வீட்டிலும் எனக்குக் காப்பி கிடைக்காது.

திருச்செந்தூர் சேர்ந்ததும் கூட்டமெல்லாம் கடலில் குளித்துவிட்டுத் தரிசன வரிசைக்குப் போய்விடும். நம் வண்டிக்காரர் அண்டாக்களை இறக்கிவிட்டு, வண்டி நிழலில் பாய் விரித்துத் தூங்குவார். ஊர் திரும்பும்போது, கொப்புளம் கண்ட கால்களோடு முதலில் வந்து வண்டியில் இடம் பிடிப்பவர்கள், வழியெல்லாம் அவரை வைதவர்களாம்.