ஈட்டு வீட்டின் வாடகை யாருக்கு?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது பெரியநீலாவணை. அங்கிருந்து தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று போகும் கரையோரம் முழுக்க இதே நெருக்கம்தான். காணியைப் பேர்ச் கணக்கில்தான் பேசுவார்கள். மகளுக்கு வீடு கொடுத்தே கட்டிக்கொடுக்க வேண்டும் என்ற வழக்கு இந்தப் பக்கம் வேரோடியது. அதனால் வெளிநாட்டில் உழைத்த காசும், ஓய்வு பெறும்போது கிடைத்த பணிக்கொடையும், விற்ற நகையும் கடைசியில் ஒரு வளவும் வீடுமாக மாறுகின்றன. மகளுக்கு வயது வரும்வரை அந்த வீடு வாடகைக்குப் போகிறது. காசை வங்கியில் போட்டு மாதாமாதம் வட்டி எடுத்தால் ஹராம், அதே காசை வீட்டில் போட்டு மாதாமாதம் வாடகை எடுத்தால் ஹலால் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லப்படுகிறது. இரண்டிலும் அவர் உடம்பு வளைந்து உழைக்கவில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

கேள்வி புதிதல்ல. வியாபாரமும் வட்டி போலத்தானே என்று அன்றே கேட்டவர்களைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் பேசுகிறது. ஒன்று ஆகுமாக்கப்பட்டது, மற்றது தடுக்கப்பட்டது என்று அது தீர்ப்புச் சொல்கிறது. காரணத்தைத் தேடும்போது அபூதாவூத் தொகுத்த ஹதீஸ் ஒன்று கைகொடுக்கிறது. அடிமை ஒருவரை வாங்கி வேலை வாங்கியவர், பிறகு குறை கண்டு விற்றவரிடமே திருப்பிவிடுகிறார். இடையில் கிடைத்த சம்பாத்தியம் தனக்கே என்கிறார் விற்றவர். நஷ்டம் வந்திருந்தால் யார் தலையில் விழுந்திருக்குமோ அவருக்கே ஆதாயமும் என்று நபியவர்கள் தீர்த்தார்கள். பிற்கால பிக்ஹ் நூல்கள் இதை ஒரு பொது விதியாகவே எடுத்துக்கொண்டன. வாடகையை ஹலாலாக்குவது செங்கல்லும் சீமெந்தும் இல்லை, அந்த வீடு அழிந்தால் அழிவு தன்னுடையது என்று ஏற்றுக்கொண்ட பொறுப்புத்தான். 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி அடித்தபோது, இந்தக் கரையோரம் அதைக் கண்ணால் கண்டது. அலை கொண்டுபோன வீட்டுக்கு அடுத்த மாத வாடகை கேட்க எந்தச் சொந்தக்காரருக்கும் உரிமையில்லை; பயன் அழிந்த கணமே வாடகை ஒப்பந்தம் முறிந்துபோகிறது. அதே வீட்டைக் கட்ட வட்டிக்கு வாங்கிய கடனோ முறிவதில்லை. சுவர் இல்லாத வளவுக்கும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது இரங்கித் தள்ளுபடி செய்தால்தான் உண்டு.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் முதலில் அகப்படுவது வங்கியல்ல, ஊருக்குள் சாதாரணமாக நடக்கும் ஈடு. ஒருவருக்கு அவசரமாகக் காசு தேவை. இன்னொருவர் சில லட்சங்களைக் கொடுத்து அவருடைய வீட்டை ஈட்டுக்கு எடுக்கிறார். காசு திரும்பும்வரை வாடகையில்லாமல் குடியிருப்பார், அல்லது மூன்றாம் ஆளுக்கு வாடகைக்கு விட்டு வருமானத்தை எடுப்பார். காலம் முடிந்ததும் போட்ட காசு ஒரு சதம் குறையாமல் கைக்கு வந்துவிட வேண்டும். வங்கி வட்டிக்கு முகம் சுளிப்பவர்கள் பலர் இதை முதலீடு என்று மனநிறைவோடு செய்கிறார்கள். ஆனால் ஷாபிஈ மத்ஹபின்படி ஈட்டுப் பொருளின் பயன் அதன் சொந்தக்காரருக்கே உரியது. கடன் கொடுத்தவர் அதை நிபந்தனையாக வைத்து எடுத்தால் அது கடனுக்குக் கிடைத்த மேலதிகம், அதாவது ரிபா. மதம் சாராத சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத் தேசவழமை, ஒற்றி வைத்த காணியின் விளைச்சலை வட்டிக்குப் பதிலான வருமானமாகவே பார்க்கிறது. ரோமன் டச்சுச் சட்டத்தின் பார்வையும் அதுவே. மார்க்கம் தெரிந்த நாம்தான் அதற்கு வட்டி என்று பெயர் வைக்கக் கூசுகிறோம். பேருக்கு ஒரு சிறு தொகையை வாடகையென்று எழுதி, இரண்டாவது தாளில் கடனை எழுதும் தந்திரமும் காரியத்தை மாற்றாது. சந்தை வாடகைக்கும் அந்தப் பேருக்கான வாடகைக்கும் உள்ள இடைவெளி கடனுக்காகவே விடப்பட்டது என்று இரு தரப்புக்கும் நன்றாகத் தெரியும்.

மறுப்பொன்று உண்டு, அது லேசானதல்ல. ஹளரமவுத்தின் ஷாபிஈ உலமாக்களே 'பைஉல் உஹ்தா' என்ற பெயரில், திரும்ப வாங்கிக்கொள்ளும் வாக்குறுதியோடு சொத்தை விற்கும் முறையை அனுமதித்திருக்கிறார்கள். வாங்கியவர் இடைக்காலப் பயனை எடுத்துக்கொள்வார். மத்திய ஆசியாவின் ஹனஃபிகள் இதை 'பைஉல் வஃபா' என்றார்கள், உதுமானியரின் மஜல்லாவிலும் அதற்கு இடம் கிடைத்தது. மக்களை வெளிப்படையான வட்டியிலிருந்து காக்க எடுத்த முயற்சி என்று அதற்கு நியாயம் சொல்லலாம். ஆனால் ஜித்தாவின் சர்வதேச பிக்ஹ் அகடமி 1992இல் இந்த முறை கூடாது என்று முடிவெடுத்தது. அது உண்மையில் பயன் தேடும் கடன் என்பதே காரணம். அந்த முடிவே சரியென்று எனக்குப் படுகிறது. விற்றவர் என்ன ஆனாலும் காசைத் திருப்ப வேண்டுமென்றால், வாங்கியவர் எதற்குத்தான் சொந்தக்காரர்?

இனி வங்கி. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே இஸ்லாமிய வங்கித்தொழிலுக்கு இலங்கையில் வழி திறந்தது. 2011 ஆகஸ்ட்டில் அமானா வங்கி முழுமையான வர்த்தக வங்கியாகத் தொடங்கியது. குறைந்துசெல்லும் முஷாரகா என்ற முறையில் வாடிக்கையாளரும் வங்கியும் சேர்ந்து வீட்டை வாங்குவார்கள். வங்கியின் பங்குக்கு வாடிக்கையாளர் வாடகை கட்டுவார், பங்கையும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வார். "கடைசியில் கட்டும் தொகை மற்ற வங்கிக்குக் கட்டுவது போலத்தானே இருக்கிறது, பெயர்தானே அரபு?" என்று கேலி செய்வார்கள். தொகை ஒத்துப்போவது குற்றமல்ல. சந்தையில் எல்லோரும் ஒரே விலைக்கு விற்பதால் ஒருவருடைய வியாபாரம் களவாகிவிடாது. கேட்க வேண்டியது வேறு: வீடு இடிந்தால் வங்கியின் பங்கும் சேர்ந்து இடிகிறதா? கூரையும் அத்திவாரமும் சார்ந்த பெரிய திருத்தங்கள் வாடகைக்கு விட்டவரின் பொறுப்பு, அதைக் குடியிருப்பவர் மேல் சுமத்தக்கூடாது என்று பஹ்ரைனிலுள்ள ஆயோஃபி நிறுவனத்தின் இஜாரா (வாடகை) நியமம் சொல்கிறது. கையொப்பம் வைக்கும் தாளில் அது இருக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

தேவை என்ற வாதம் அடுத்தது. ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய சபை 1999இல் மேற்கு நாட்டு முஸ்லிம்கள் வட்டிக்கடனில் வீடு வாங்க இடம் கொடுத்ததைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அந்தச் சலுகை, வேறு வழியில்லாதவர் தானும் குடும்பமும் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே. வாடகைக்கு விடப்போகும் இரண்டாவது வீட்டை அதன் கூரைக்குக் கீழ் கொண்டுவர முடியாது. பணவீக்கத்தைச் சொல்பவர்களின் வாதம் இன்னும் கனமானது. 2022 செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர் கரைந்துபோன காசைத்தான் திரும்பப் பெற்றார். உண்மை. ஆனால் அது ஈட்டுக்காரருக்கும் நடந்தது. போட்ட லட்சங்கள் எண்ணிக்கையில் குறையவில்லை, பெறுமதியில் கரைந்தன. வீட்டில் பங்கு வாங்கியவருக்கோ வீட்டின் விலையோடு பங்கும் ஏறும். இறங்கினால் இறங்கவும் செய்யும். ஆபத்தைத் தள்ளிவிட நினைத்த ஈட்டுக்காரர் வேறொரு ஆபத்தில் தெரியாமல் மாட்டிக்கொண்டார்.

சிறு முதலீட்டாளருக்கு வழி இல்லாமல் போகவில்லை. ஒருவரால் முழு வீடு வாங்க முடியாவிட்டால் மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம்; உறுதியில் மூவரின் பெயரும் பங்கும் எழுதி, வாடகையையும் திருத்தச் செலவையும் அதே விகிதத்தில் பிரிக்கலாம். காசு தேவைப்படும் வீட்டுக்காரரும் வீட்டை ஈட்டுக்குக் கொடுக்காமல் கால்பங்கை விற்று, வசதி வரும்போது அன்றைய விலைக்குத் திருப்பி வாங்கலாம். மெதுவான வழிதான், உறவுகளுக்குள் கணக்கு வழக்கு வேண்டும், சண்டையும் வரலாம். வெள்ளிக்கிழமை குத்பாக்களில் வங்கி வட்டியைப் பற்றிப் போதுமான அளவு பேசியாகிவிட்டது. ஊர்ப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் ஒரு சட்டத்தரணியையும் ஒரு மௌலவியையும் உட்காரவைத்து, பங்குக்கு வீடு வாங்குவதற்கான மாதிரி ஒப்பந்தமொன்றை எளிய தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். ஈட்டுத் தாளோடு வருபவரிடம் அதை நீட்டட்டும்.