வளவில் நிற்கும் மரமும் அயலான் கூரையும்

தன் வளவில் நிற்கும் மரம் புயலில் முறிந்து அயலான் வீட்டின்மீது வீழுமாயின், அவ்வீழ்ச்சிக்குப் பொறுப்பாளி யார்? காற்றா, மரமா, மரத்துக்கு உடையவனா? கேட்ட மாத்திரத்தில் இது நீதிமன்றத்துக்குரிய வினாவாகவே தோன்றும். நட்டஈட்டின் அளவை நிர்ணயிப்பதோடு நீதிமன்றின் பணி முடிந்துவிடுகின்றது. ஆனால் மரத்தை நட்டவன், அதன் நிழலையும் பயனையும் நுகர்ந்தவன், அதனைக் கவனியாது விட்டவன், அதன் கீழ் உறங்கியவன் ஆகியோர் வெவ்வேறு மனிதராக இருக்குமிடத்து எழும் அறச்சிக்கல் அதன் பின்னரும் எஞ்சி நிற்கின்றது. அதனையே ஈண்டு நோக்க முற்படுகின்றோம்.

கிழக்கிலங்கைக் கரையோர மக்களுக்கு இவ்வினா புதியதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி ஏறத்தாழ 900 உயிர்களைக் கவர்ந்ததோடு, அம்மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதியையும் அழித்தது. எல்லார் மரமும் வீழ்ந்த இடத்தில், யாருடைய மரம் யாருடைய கூரையை உடைத்தது என்ற கணக்குப் பொருளற்றதாகிவிடும். எவர்மீதும் குற்றமில்லை என்ற உணர்வு இயல்பாகவே தோன்றும். ஆயினும் இத்தகைய அழிவின் பின்னர் வீழ்ந்த மரத்தின் பேரிலும் ஒரு கடமை உண்டு. மண்ணிற் கிடந்து உக்கும் தென்னங்குற்றிகள் காண்டாமிருக வண்டு பெருகும் இடங்களாகும். தன் வளவிற் கிடக்கும் குற்றியை அகற்றாது விடுபவன், அடுத்த வளவில் புதிதாக நடப்பட்ட கன்றின் குருத்தை அவ்வண்டுக்கு இரையாக்குகின்றான். காற்றுச் செய்த அழிவுக்கு அவன் பொறுப்பில்லை. வண்டு செய்யும் அழிவுக்கு அவன் பொறுப்பாளியே. இயற்கையின் செயல் எங்கே முடிகின்றது, மனிதனின் செயல் எங்கே தொடங்குகின்றது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு கிடைப்பது அரிது.

சூறாவளியைக் கரையோரத்தாருக்கு விதிக்கப்பட்ட துன்பமாகக் கருதுவது மலைநாட்டில் வாழும் நம்மிற் பலரது வழக்கமாயிருந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி கிழக்குக் கரையில் புகுந்த டித்வா புயல் அவ்வெண்ணத்தைச் சிதைத்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்ட அவ்வனர்த்தத்தில், மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. கரையிலிருந்து தொலைவில் உள்ள இம்மலைச்சரிவுகளில் காற்றைவிட நீரும் மண்ணுமே கொன்றன. அத்தகைய நாள்களின் பின்னர் மனிதனின் அச்சம் தன் வீட்டருகே நிற்கும் பெருமரத்தின்மீது திரும்புவது எளிது. நேற்றுவரை நிழல் தந்தது இன்று பகையாகத் தோன்றும். இயந்திர வாளுக்கு ஆள் தேடுவோம்.

அச்சம் பழிக்கத்தக்கதன்று. பிள்ளைகள் உறங்கும் அறைக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரத்தைக் கண்டு அஞ்சாதவன் அறிவுடையவனாகான். எனினும் அச்சம் சொல்லும் தீர்ப்பு எப்போதும் சரியாகிவிடாது என்பதற்குக் கண்டியின் நில அமைப்பே சான்று. சமதரையான கரையோரத்தில் மரத்தை வெட்டினால் அதனால் வந்த ஆபத்து அன்றே நீங்கும். சரிவான நிலத்தில் அவ்வாறில்லை. மேல்மண்ணைப் பற்றி நிற்பன வேர்கள். அவை நிலத்திலுள்ள நீரை உறிஞ்சிச் சரிவின் பாரத்தையும் குறைக்கின்றன. ஆழத்திலிருந்து பெயரும் மண்சரிவை எந்த வேரும் தடுக்காது. மேற்படை சரிவதை அது பெரிதும் தடுக்கும். மரத்தைத் தறித்தவுடன் வேரின் பிடி அற்றுப்போவதில்லை. வேர்கள் சில ஆண்டுகளிற் சிறிது சிறிதாக உக்குகின்றன. பிடி தளர்ந்த மண் பின்னொரு பெருமழையில் இறங்குகின்றது. மேல்வீட்டுக்காரன் தன் அச்சத்தைத் தறித்துவிட்டு நிம்மதியாக உறங்குகின்றான். ஆபத்தோ ஐந்தாண்டு கழித்துக் கீழ்வீட்டுக்காரனைத் தேடிச் செல்கின்றது. அப்போது அந்த மரத்தை நினைப்பார் யார்?

மரத்தை ஆபத்தானதாக ஆக்குவோரும் பெரும்பாலும் நாமே. மரத்தின் வேர்களிற் பெரும்பங்கு மேலிருந்து இரண்டு மூன்று அடி ஆழத்துள்ளேயே பரந்து கிடக்கின்றது. மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போதும் பாதையை அகலிக்கும்போதும் ஒருபக்க வேரை அறுத்துவிடுகின்றோம். முற்றம் முழுவதற்கும் சீமெந்து பூசி எஞ்சிய வேருக்கு நீரும் காற்றும் சேராமற் செய்கின்றோம். பின்னர் மரம் ‘பெரிதாகிவிட்டது’ என்று அதன் தலையை மொட்டையடிக்கின்றோம். மொட்டையடித்த மரம் சிறுத்துவிடுவதில்லை. வெட்டுவாயில் உக்கல் புகுகின்றது. அதனைச் சுற்றி அடர்ந்து வெடிக்கும் புதுக்கிளைகள் தாய்மரத்தில் ஆழப் பதியாமல், அடுத்த புயலிற் பிளந்து விழுகின்றன. உக்கிய கொப்பையும் உரசும் கொப்பையும் மாத்திரம் அவற்றின் அடியிற் சீராக நீக்கிக் காற்றுக்கு வழிவிடுவதே முறை. தேயிலைச் செடிக்கு எக்காலத்தில் எவ்வளவு கவாத்துச் செய்யவேண்டும் என்பதை நுணுக்கமாக அறிந்த ஒரு மலைநாடு, வீட்டு மரத்தை மாத்திரம் கோடரியால் அணுகுவது வியப்புக்குரியது. கவனியாமையால் நலிந்த மரத்தை ஆபத்தெனத் தீர்ப்பிட்டு அழிக்குமிடத்து, நம் பிழைக்குரிய தண்டனையை மரத்துக்கு விதிக்கின்றோம் என்றே சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் நற்றிணையின் 172ஆம் பாடலை நினைவுகூர்தல் பொருந்தும். அது கடற்கரைப் பாடல். விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த காய் முளைத்துப் புன்னையாகின்றது. பாலும் நெய்யும் ஊட்டி அதனை வளர்த்தார்கள். அம்மரம் உனக்குத் தங்கை என்று தாய் சொல்லியிருக்கின்றாள். ஆதலால் அதன் நிழலிற் காதலனோடு நகையாட நாணுகின்றாள் பெண். நயம் பாராட்டுவோர் பெரும்பாலும் அந்த நாணத்தோடு நின்றுவிடுவர். உறவு என்னும் சொல் இங்கு விதிக்கும் கடமையை நாம் கருதவேண்டும். தங்கை ஒருத்தி நோயுற்றால் அவளை ஒழித்துவிட நினைப்பார் இல்லை. அவளால் அயலாருக்குத் தீங்கு நேருமெனின் அதனைக் கண்டும் காணாதிருப்பாரும் இல்லை. உறவாக ஏற்றுக்கொண்டவன் மரத்தையும் அயலானையும் ஒருசேரக் காக்கவேண்டியவனாகின்றான். மழைக்காலத்துக்கு முன்னர் அண்ணாந்து கொப்பைப் பார்ப்பதும், குனிந்து வேரைப் பார்ப்பதும் அவ்விருவருக்கும் ஒரே வேளையிற் செய்யும் பணியே.

நமது சட்டமும் மரத்தை முழுமையான தனியுடைமையாகக் கொள்ளவில்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உடையவனும் அனுமதியின்றித் தறிக்கலாகாது. சிங்கள மக்கள் பலாவைச் ‘சோற்று மரம்’ என்பர். பஞ்சத்தில் ஊருக்குச் சோறிட்ட மரத்தின்மீது ஊருக்கும் உரிமை உண்டு என்பது இதன் உட்பொருளாகலாம். கமுகும் சாதிக்காயும் மிளகும் பலாவும் கலந்து நிற்கும் கண்டிய வீட்டுத்தோட்டம் இவ்வுணர்வின்றி இத்தனை தலைமுறை நிலைத்திராது.

இனி, இதுவரை சொன்னவை யாவும் மரத்துக்கு உடையவனை நோக்கியவை. மரமும் நிலமும் தமக்கு உரியனவாய் இல்லாதோரின் நிலை யாது? கண்டியைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களில் லயத்துக்கு மேலே அல்பீசியா நிற்கின்றது. விரைந்து வளர்வதும் எளிதில் முறிவதும் அதன் இயல்பு. மரம் தோட்டத்துக்கு உரியது. ஆபத்து தொழிலாளிக்கு உரியது. கொப்பொன்றை வெட்டுவதற்கும் அவன் நிர்வாகத்தின் அனுமதியை வேண்டி நிற்கின்றான். அனுமதி வருமுன் காற்று வந்துவிடலாம். மரங்களின் உரிமை குறித்து நாம் எத்துணை உயர்வாகப் பேசினும், லயத்திலுள்ளவனிடம் ‘மரத்தை நேசி’ என்று போதிக்கும் தகுதி நமக்கில்லை. பேணும் கடமை உடையவனைச் சார்ந்தது. வைத்திருப்பதா வெட்டுவதா என்ற முடிவில் முதற்குரல் அதன் கீழ் உறங்குபவனுடையதாதல் வேண்டும். இன்று அவ்விரண்டும் தலைகீழாக உள்ளன. மலைநாட்டுத் தமிழருக்கு நிலவுரிமை வேண்டும் என்னும் கோரிக்கையினுள் இச்சிறு உரிமையும் அடங்கும் என்பது என் கருத்து.

இவ்வளவு செய்த பின்னரும் மரம் விழக்கூடும். நன்கு பேணப்பட்ட மரமும் நனைந்து நெகிழ்ந்த மண்ணிற் சாயும். அவ்வாறு அயலானுக்கு நேர்ந்த இழப்பில் உடையவனுக்குக் குற்றமில்லை. ஆயினும் துயரம் உண்டு, முதலில் ஓடிச்சென்று கொப்பை அகற்றும் கடமையும் உண்டு. குற்றமில்லை என்பதைக் காரணங்காட்டித் தன் கதவைச் சாத்திக்கொள்பவனை ஊர் மன்னிக்காது, அது நியாயமே.

பேராதனைப் பூங்காவில் 1901ஆம் ஆண்டு, பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசர் நட்ட நாகலிங்க மரம் நிற்கின்றது. அதற்குப் பெயர்ப்பலகை உண்டு. நட்டவர் மறைந்து பல்லாண்டாகியும் பேணுவதற்கு ஒரு நிறுவனம் உண்டு. சூறாவளிக்குப் பின் மட்டக்களப்பு வளவுகளில் நடப்பட்ட தென்னைகளுக்கு இவ்விரண்டும் இல்லை. நட்டோரிற் பலர் மறைந்தனர். பிள்ளைகள் கொழும்பிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்த அம்மரங்களின் வட்டைச் சுத்தம் செய்ய ஏறுவாரைத் தேடிப்பிடிப்பதும் அரிதாகின்றது. ஆண்டுதோறும் கார்த்திகையில் காற்று மாத்திரம் தவறாது வருகின்றது.