தெருமுனையும் ஐந்தாம் கட்டளையும்

“நான் யாரையும் கொன்றதில்லை, ஆகையால் ஐந்தாம் கட்டளையைப் பற்றி எனக்குப் பயமில்லை” என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் சரிதானா? நம் தெருமுனையில் சற்று நின்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுவோம்.

திருநெல்வேலி, இராசபாளையம், கோவில்பட்டி, புளியங்குடி என்று பல ஊர்ச் சாலைகள் வந்து கூடும் ஊர் சங்கரன்கோவில். பூ மூட்டையோடு சந்தைக்கு விரையும் மோட்டார் சைக்கிள், நூல் ஏற்றிய வண்டி, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள், ஆடித்தபசு வந்தால் வெளியூர் ஜனத்திரள் யாவும் நம் தெருக்களில் திரும்புகின்றன. திரும்பும் முனையில் ஒரு வீட்டு வேலி தெருவுக்குள் நீண்டிருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆட்டோ நிற்கிறது. அதற்கு மேல் காதுகுத்து விழாவின் பேனர். வருகிற வண்டி, போகிற பிள்ளைக்குத் தெரிவதில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். பிள்ளையைக் கண்டு பிரேக்கை அழுத்தவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். ஐந்து மீட்டரில்தான் பிள்ளை தெரியும்படி நாம் முனையை மறைத்துவிட்டால், எத்தனை திறமையான ஓட்டுநரும் என்ன செய்வார்?

“அவன் மெதுவாக வரட்டுமே” என்பர் சிலர். வரத்தான் வேண்டும்; அது அவன் கடமை. ஆனால் அவன் குற்றம் என் குற்றத்தைக் கழுவிவிடாது.

“நான் தீங்கு நினைக்கவில்லையே” என்பர் வேறு சிலர். மோயீசனுடைய சட்டத்தைப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்து செத்தால் இரத்தப் பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம். வீட்டுக்காரன் எவரையும் தள்ளவில்லை. தடுத்திருக்கக் கூடியதைத் தடுக்காமல் விட்டான்; அவ்வளவே.

2019 செப்டம்பர் 12ஆம் தேதி சென்னைப் பள்ளிக்கரணையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாலை நடுவில் கட்டியிருந்த கலியாணப் பேனர் ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண்மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் மாண்டார். பேனர் கட்டியவர்கள் மனத்தில் இருந்தது கலியாணச் சந்தோஷம்தான். ஆயினும் ஒரு வீட்டில் விளக்கு அணைந்தது.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் மாநிலச் சாலைகளில் 17,884 பேர் இறந்தனர். 2007இல் வத்திக்கான் சாலையில் செல்வோருக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, கொலை செய்யாதே என்பதையே முதலில் வைத்தது காரணமில்லாமல் அல்ல.

நிற்க. ஒருவன் அறியாத குறைக்கு அவனைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டோம். கண்டும் விட்டுவைத்தால்தான் குற்றம். இதை எழுதுகிறவனும் வீட்டு வேலைக்கு இறக்கிய மணலை இரண்டு வாரம் முனையிலேயே விட்டுவைத்தவன்தான். ஒரு மாலை, அதைச் சுற்றித் தெரு நடுவே வந்த சிறுவன் சைக்கிளோடு விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு மட்டுமே. அவன் தாயார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது. அன்றிரவே மணலை அள்ளினேன். முதல் நாளே அள்ளியிருக்கலாமே!

ஆகவே பங்குக் குடும்பங்களே, இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். முனை வீட்டார் வேலியை இடுப்பளவுக்கு வெட்டிவிடட்டும். பூசைக்கு வருகிறவர்கள் சந்திப்பை விட்டுத் தள்ளி வண்டியை நிறுத்தட்டும். திருப்பத்தில் நிறுத்தக் கூடாதென்று சட்டமும் சொல்கிறது. விழா முடிந்த அன்றே பேனரை இறக்கிவிடுவோம். விளக்கும், வேகத்தடையும், எதிர்வரும் வண்டியைக் காட்டும் குவியாடியும் கேட்டு, எல்லா மதத்துத் தெருவாசிகளோடும் சேர்ந்து நகராட்சிக்கு ஒரு மனு எழுதுவோம்.

ஐந்தாம் கட்டளையை அனுசரிக்க இந்த வாரம் நமக்கு வேண்டியது ஓர் அரிவாளும் அரைமணி நேரமும்தான்.