கணக்கில் சேராத தேர்வு

பொதுத் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னதாகப் பள்ளிகளில் ஒரு தேர்வு நடக்கிறது. திருப்புதல் தேர்வு என்றும் மாதிரித் தேர்வு என்றும் அதனைச் சொல்வார்கள். வினாத்தாளின் அமைப்பு, மணி அடிக்கும் நேரம், மாணவரை வரிசையில் அமர்த்தும் முறை யாவும் பொதுத் தேர்வைப் போலவே இருக்கும். ஒன்று மட்டும் இராது. அதில் பெறும் மதிப்பெண் அரசுச் சான்றிதழில் ஏறாது. அப்படியானால், கணக்கில் சேராத ஒரு தேர்வை ஒருவன் எவ்வாறு எழுத வேண்டும்? கேட்பதற்குச் சிறிய வினாதான். ஆயினும் ஆங்கில ஆசிரியனாகப் பல ஆண்டுகள் கழித்த என்னை இவ்வினா விட்டபாடில்லை.

கடலோர ஊர் ஒன்றில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கில மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தமிழகத்தில் முன்பு பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-2020 கல்வியாண்டிலிருந்து அவை 100 மதிப்பெண்ணுக்குரிய ஒரே தாளாயின. எழுத மூன்று மணி நேரம். வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களை நிரப்பவும் அதற்கு முன் பதினைந்து நிமிடம். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். இலக்கணம், பாடநூலிலிருந்து வினாக்கள், மனப்பாடச் செய்யுள், பிழையுள்ள வாக்கியங்களைக் கண்டு திருத்துதல் என்று பல பகுதிகள். அவற்றுள் ஒன்று கடிதம் எழுதுதல். மறக்க முடியாத ஒரு பயணத்தைப் பற்றித் தோழருக்கோ தோழிக்கோ எழுதுமாறு அவ்வாண்டு கேட்டிருந்தோம்.

தாள்களைப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் உதகமண்டலம் போயிருந்தார்கள். எல்லாரும் ஒரே வளைவில் வண்டியை நிறுத்தினார்கள். எல்லார் மீதும் ஒரே மழை பெய்தது. எல்லாரும் ஒரே வாக்கியத்தால் இயற்கையை வியந்தார்கள். கடைகளில் விற்கும் கைடு ஒன்றில் அந்தக் கடிதம் இருந்தது. அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையையே பார்த்ததில்லை. எனினும் கடிதத்தில் பிழை இல்லை. ஐந்துக்கு நாலரை, ஐந்து என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு மாணவி மட்டும் உதகைக்குப் போகவில்லை. அவள் திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருந்தாள். வளைகுடாவுக்குத் திரும்பும் வாப்பாவை வழியனுப்ப, இரவில் வேன் பிடித்து உம்மாவோடும் தம்பியோடும் போன பயணம் அது. போகும்போது இடமில்லாமல் நெருக்கி உட்கார்ந்தோம், வரும்போது ஓர் இடம் காலியாக இருந்தது, அந்த இடத்தில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை என்று எழுதியிருந்தாள். பிழைகள் மிகுதி. பெயர்ச்சொல்லுக்கு முன்னே வர வேண்டிய ‘எ’, ‘தி’ என்னும் சிறு சொற்களைப் பல இடங்களில் விட்டிருந்தாள். தமிழில் அவை இல்லையாதலால் நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை அது. ‘கோ’ என்னும் வினைக்கு இறந்தகாலம் ‘வென்ட்’ என்றிருக்க, ‘கோ’வோடு ‘எட்’ என்ற விகுதியை ஒட்டி எழுதியிருந்தாள். ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

விதிப்படி நான் செய்தது தவறன்று. கடிதத்தின் வடிவத்துக்கும் மொழியின் திருத்தத்துக்கும்தான் மதிப்பெண். எழுதியவரின் உள்ளத்துக்கு மதிப்பெண் போட ஆசிரியனுக்கு அதிகாரமில்லை. ஆனால் அன்றிரவு அந்த இரண்டு என்னும் எண் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த அறையில் ஆங்கிலம் எழுதியவள் அவள் ஒருத்திதான், மற்றவர்கள் படியெடுத்தார்கள். ‘கோ’வோடு ‘எட்’ சேர்த்த பிழையையே பாருங்கள். இறந்தகாலத்துக்கு ‘எட்’ சேர்க்க வேண்டும் என்ற விதியைக் கற்று, அதைத் தானே எடுத்துப் பயன்படுத்தத் துணிந்தவர்தாம் அந்தப் பிழையைச் செய்ய முடியும். விதிக்கு விலக்கு உண்டு என்பதை மட்டுமே அவள் இன்னும் அறியவில்லை. உருப்போட்டவருக்கு அந்தப் பிழை வருவதற்கு வழியே இல்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மனனம் செய்வதை இழிவாகப் பேச முஸ்லிம்களாகிய நமக்கு உரிமையில்லை. திருக்குர்ஆனை நெஞ்சில் சுமந்து காத்த சமுதாயம் நாம். ஆனால் ஹாபிழ் ஓதும்போது, இது என் சொல் என்று ஓதுவதில்லை. இறைவனின் சொல்லை இறைவனின் சொல்லாகவே, ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்படைக்கிறார். அது அமானத். கைடிலிருந்து எழுதும் பிள்ளையோ, பிறர் சொல்லை ‘நான்’ என்று தொடங்கித் தன் பெயரிட்டு முடிக்கிறது. போகாத உதகைக்குப் போனதாக எழுதுவது பொய்யாகுமா என்று சிலர் கேட்கலாம். அது பொய்யன்று, பயிற்சிக்காகக் கற்பனை செய்துகொள்ள யாரும் தடை சொல்லவில்லை. கேடு வேறிடத்தில் இருக்கிறது. ‘உன் கருத்தை இம்மொழியில் சொல்ல உனக்கு வருமா?’ என்பதே தேர்வு கேட்கும் கேள்வி. ‘வராது’ என்பது உண்மையாயிருக்க, ‘வரும்’ என்று தாள் விடை சொல்கிறது. பொதுத் தேர்வில் அந்த விடை திருத்துபவரை ஏமாற்றலாம். மாதிரித் தேர்வில் ஏமாறுபவர் யார்? எழுதியவரைத் தவிர வேறொருவரும் இல்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமையில் நடந்ததாக வரலாற்றாசிரியர் ஸுப்கீ எழுதிய நிகழ்ச்சி ஒன்றை இங்கு நினைவுகூரலாம். ஜுர்ஜானில் பாடம் கேட்டு, கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு, தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களை மறித்தனர். மூட்டையோடு குறிப்புகளும் போயின. கொள்ளையர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்று, அந்தக் குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தருமாறு கெஞ்சினார்கள். தலைவன் சிரித்தான். பையைப் பறித்ததும் பறிபோய்விடுகிற ஒன்றை அறிவு என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பையைக் கொடுக்கச் சொன்னான். ஊர் திரும்பிய கஸ்ஸாலி மூன்றாண்டுகள் உழைத்து அக்குறிப்புகளைத் தம்முள் இருத்திக்கொண்டார்கள் என்பது வரலாறு. அவர்களும் மனனம்தான் செய்தார்கள். ஆனால் அது, கேட்டறிந்த பாடத்தைத் தமக்குரியதாக்கிக்கொள்ளச் செய்த மனனம். உதகைக் கடிதமோ நெஞ்சில் இருந்தாலும் பையில் இருப்பதற்கு ஒப்பானதே. வினாவில் பயணத்துக்குப் பதிலாக ஒரு திருமணம் என்று மாற்றிக் கேட்டால் பை வெறுமையாகிவிடும்.

அப்படியானால் மாதிரித் தேர்வு எதற்காக? நம் பள்ளிவாசல்களிலேயே இதற்கு விடை உண்டு. ரமலானில் தராவீஹ் தொழவைக்கும் ஹாபிழ், அன்றைய இரவு ஓத வேண்டிய பகுதியைப் பகலிலேயே மற்றொரு ஹாபிழிடம் ஓதிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கே தடுமாறுகிறதோ அந்த இடம் வெளிப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஐயமான வசனத்தை முணுமுணுத்துக் கடந்துவிட்டால் பகலில் தப்பலாம். இரவில் மிஹ்ராபில் நிற்கும்போது அதே இடத்தில் நா நின்றுவிடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆண்டுதோறும் ரமலானில் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு திருக்குர்ஆனை ஓதிச் சரிபார்த்துக்கொண்டார்கள் என்றும், தம் வாழ்வின் இறுதி ஆண்டில் இருமுறை அவ்வாறு செய்தார்கள் என்றும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. வஹீ இறங்கப்பெற்ற அண்ணலாரே திருப்பிப் பார்த்திருக்க, பதினைந்து வயதுப் பிள்ளை தன் குறையைத் திருப்பிப் பார்ப்பதில் என்ன இழுக்கு வந்துவிடும்?

‘இதெல்லாம் பேசுவதற்கு நன்றாயிருக்கும், மதிப்பெண் வராவிட்டால் வாழ்க்கை என்னாவது?’ என்று பெற்றோர் கேட்பது என் காதில் விழுகிறது. அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆங்கிலம் படிப்பது ஆகுமா என்றே நம் முன்னோரில் சிலர் தயங்கிய காலம் உண்டு. அத்தயக்கத்தைக் கடந்துதான் 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தன. வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு 35 என்னும் எண் ஒரு வாசற்கதவு. கடிதத்தின் வடிவத்தை, முகவரி எழுதும் இடத்தை, தொடக்கத்தையும் முடிவையும் உருப்போடட்டும், அது படிக்கட்டு. தேறுவதே ஐயமாயிருக்கும் பிள்ளை மார்ச் மாதத்தில் கைடின் துணையோடு கரையேறினால் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஜனவரியிலும் அதே கைடுதானா? இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரே தேர்விலும் துணிந்து சொந்தமாக எழுதிப் பார்க்காத பிள்ளை, எப்போதுதான் எழுதிப் பார்க்கும்?

பிள்ளை ஏன் துணிவதில்லை என்று எண்ணிப் பார்த்தால், குற்றத்தில் பெரும்பங்கு நம்முடையது. மதிப்பெண் பட்டியலில் கையொப்பம் வாங்க வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது, ‘எத்தனை?’ அடுத்துக் கேட்பது, ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை?’ எந்த இடத்தில் தவறினாய் என்று கேட்கும் வாப்பாமார் அரிது. குறைந்த எண்ணுக்கு ஏச்சு விழும் வீட்டில் பிள்ளை பிழையைத் திருத்தக் கற்பதில்லை, மறைக்கக் கற்கிறது. அந்தப் பழக்கம் ஆங்கிலத் தாளோடு நின்றுவிடும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? பிற்காலத்தில் வியாபாரத்திலும் குடும்பத்திலும் தவறு நேரும்போது, வெளியே சொன்னால் மானம் போகும் என்று பூசி மெழுகும் மனிதர்களை நாம் பார்க்கிறோம். அவர்களும் ஒருகாலத்தில் பட்டியலை ஒளித்த பிள்ளைகளாக இருந்திருக்கக்கூடும்.

இஹ்யாவில் தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொள்ளும் முஹாஸபாவைப் பற்றிப் பேச வரும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், வணிகன் ஒருவன் தன் கூட்டாளியிடம் கணக்குப் பார்ப்பதை உவமையாகக் காட்டுகிறார்கள். வணிகத்திலேயே வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இது விளங்காத செய்தியன்று. ஊருக்குக் காட்டும் கணக்கில் பொய் எழுதுவது பாவம். ஆனால் தான் மட்டும் பார்க்கும் நாட்குறிப்பிலேயே நட்டத்தை இலாபம் என்று எழுதி வைக்கும் வணிகனைப் பாவி என்பதற்கு முன் பேதை என்றே சொல்லுவோம். மாதிரித் தேர்வு அத்தகைய வீட்டுக் கணக்கு. சான்றிதழும் பரிசும் இல்லாத இடத்தில் எஞ்சி நிற்பது நிய்யத் ஒன்றே. புகாரி ஷரீபின் முதல் ஹதீஸ் நிய்யத்தைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். மனிதர் கணக்கில் சேராத தேர்வுதான் அந்த நிய்யத்தை வேறு கலப்பின்றிக் காட்டுகிறது.

மறுநாள் அந்த மாணவியை அழைத்துத் தாளைக் கொடுத்தேன். இரண்டு என்ற எண்ணை நான் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அதுவும் அவளுக்குச் சொல்லும் ஒரு பொய்யாகியிருக்கும். பிழை ஒவ்வொன்றையும் காட்டி, ‘கோ’வோடு ‘எட்’ சேர்த்தது ஏன் நல்ல பிழை என்பதையும் சொன்னேன். அவள் சற்று நேரம் நின்றுவிட்டு, “ஸார், நானும் கைடில் உள்ளதையே எழுதியிருக்கலாமோ?” என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. பிறகு, “அதை எழுதியிருந்தால் இன்று உனக்குக் கற்றுத்தர என்னிடம் ஒன்றும் இருந்திராதம்மா” என்றேன். மூன்று நாள் கழித்து அதே கடிதத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். காலியான அந்த இடம் அப்படியே இருந்தது. ஏழு பிழைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

மார்ச் மாதப் பொதுத் தேர்வில் அவள் எந்தப் பயணத்தைப் பற்றி எழுதினாள் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.