பெஞ்சு டிக்கெட்

பழைய டூரிங் கொட்டகைகளைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தது, முறுக்கு, கலர், ரீல் மாத்துறதுக்கு நாலு இடைவேளை என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: அங்கே சாதி கிடையாது, எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து படம் பார்த்தோம். நானும் அந்த மணலில் உட்கார்ந்தவன்தான். அதனால் இந்த 'எல்லாரும்' யார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் தமிழ் சினிமாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் இந்தக் கருத்தை வைத்தார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்து கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, காசு என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அப்படி வளர்ந்த தொழிலுக்குக் கூட்டம் வேண்டும். கோயிலோ வேறு மாதிரி. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்ம ஆட்கள் நுழைய 1939 வரை ஆயிற்று. கோயிலில் கேட்ட கேள்வியை டிக்கெட் கொடுக்கிறவன் கேட்கவில்லை. தரையா, பெஞ்சா, நாற்காலியா, அவ்வளவுதான்.

ஆனால் காசு கொடுத்து வாங்கின இடம் நம்ம இடம் ஆகிவிடுமா? என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்க அய்யா செருப்புத் தைப்பார், கமலைக்கு வால் தைப்பார். கிணறுகளில் பம்புசெட்டு வந்து கமலை வேலை குறைந்துகொண்டிருந்த காலம். 1971-ஆக இருக்கும், எனக்கு ஒன்பது வயசு. எங்க ஊருக்கு ரெண்டு மைல் தள்ளி இருந்த கொட்டகையில் 'மதுரை வீரன்' போட்டிருந்தான். 1956-இல் வந்த படம், திரும்பத் திரும்ப ஓடும். எங்க தெருவே கிளம்பிப் போச்சு. மதுரை வீரன் எங்க சாமி. எங்க பாட்டி சொன்ன கதையில் அவர் எங்க ஆளு. படத்திலோ அவர் காசி ராசா மகன், காட்டில் விடப்பட்ட பிள்ளையை எடுத்து வளர்த்தவர்கள்தான் செருப்புத் தைக்கிறவர்கள். என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் அந்த வேஷத்தில் சிரிக்க வைப்பார்கள். வீரம் இருக்கிறவன் நம்ம வயித்தில் பொறந்திருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அது அப்போது எனக்கு விளங்கவில்லை. எம்.ஜி.ஆர். செருப்புத் தைக்கிறவர் வீட்டில் வளருகிறார் என்பதே பெருமையாக இருந்தது.

அன்னைக்கு அய்யா கையில் கூலி வந்திருந்தது. தரை டிக்கெட் இருபத்தஞ்சு பைசா, பெஞ்சு நாப்பது பைசா. 'இன்னைக்கு பெஞ்சுல பாப்பம்டா'ன்னு ரெண்டு பெஞ்சு டிக்கெட் வாங்கினார். இருட்டில் போய் உட்கார்ந்தோம். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து படம் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

முதல் ரீல் மாத்த லைட்டைப் போட்டான். பக்கத்தில், ரெண்டு ஆள் தள்ளி, அய்யா வழக்கமாக வேலை செய்கிற தோட்டத்து முதலாளி. திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: 'என்னடா, கையில காசு பொழங்குதோ?'

அய்யாவும் சிரித்தார். 'இல்ல சாமி, சின்னப்பயலுக்கு முன்னாடி மறைச்சுச்சு, அதான்' என்று எழுந்துவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் அவர் சொன்னார்: 'சின்னப்பய இருந்துட்டுப் போறான், நீ போ.'

நான் இருந்தேன். அய்யா தரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தார். மீதிப் படம் முழுக்க அவருடைய தலை எனக்கு முன்னால் தெரிந்தது. நான் எழுந்து போகவில்லை. பெஞ்சு எனக்குப் பிடித்திருந்தது.

இதில் யார் தப்பு? யாரும் எங்களை அடிக்கவில்லை, விரட்டவில்லை. கொட்டகைக்காரன் டிக்கெட் கொடுத்தான். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ஆம் வருஷத் தீண்டாமைச் சட்டம் அப்படித் தடுப்பதைக் குற்றம் என்கிறது. இங்கே தடுத்தது யார்? அய்யா தானாகத்தான் எழுந்தார் என்று கோர்ட்டில் சொல்லலாம். ஆனால் மறுநாள் அந்தத் தோட்டத்துக்குத்தான் அவர் வேலைக்குப் போக வேண்டும். நாப்பது பைசா அந்த ராத்திரிக்கு மட்டும்தான் செல்லும். இன்னொன்றும் நடந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய இடம், 'இருந்துட்டுப் போறான்' என்ற ஒரு வார்த்தையில் அவர் போட்ட பிச்சையாக மாறிப்போச்சு. உரிமையைக் கருணையாக மாற்றுவதுதான் சாதி செய்கிற நுட்பமான வேலை. அந்தப் பிச்சையை நானும் வாங்கிக்கொண்டேன். ஒன்பது வயசு என்பது சமாதானம்தான், பதில் இல்லை.

அப்படியானால் சிவத்தம்பி சொன்னது பொய்யா? இல்லை. கொட்டகை வாசல் வரை, விளக்கு அணைந்திருக்கிற வரை அது மெய். இருட்டில் ஒருவனை ஒருவன் தெரியாது. நகரத்தில் விளக்கு எரிந்தாலும் தெரியாது. 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் அந்தக் காலத்தில் 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. அந்தக் கூட்டத்தில் யார் எந்தத் தெரு என்று யார் கேட்பது? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அவ்வளவு கடுமையாகச் சாடியதன் நியாயம் எனக்கு அங்கேதான் புரிந்தது. ஆனால் நாம் யாரென்று தெரியாததால் கிடைக்கிற மரியாதை நமக்குக் கிடைத்த மரியாதை ஆகாது. அடையாளம் தெரிந்தால் அந்த நிமிஷமே அது போய்விடும். 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றின் வாசலில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தைத் தடுத்தார்களே. அவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மற்றவர்கள் கேள்வி கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். அங்கே இருட்டே தேவைப்படவில்லை.

அதற்காக அந்த அரைச் சமத்துவத்தைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். அய்யா பெஞ்சில் உட்கார்ந்தது கால் மணி நேரம்தான். ஆனாலும் உட்கார முடியும் என்று என் முதுகு அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. கொட்டகை இல்லாவிட்டால் அதுகூட இல்லை. கொட்டகையை நினைத்து ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும். ஆனால் எல்லாரும் ஒண்ணா இருந்தோம் என்று மட்டும் எங்களுக்காகவும் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

1984-இல் அய்யாவைத் தங்கம் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். இடைவேளையில் விளக்கு எரிந்ததும் அவர் ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். 'தெரிஞ்ச ஆளு யாருமில்லப்பா'ன்னு சொல்லிட்டு நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்தார். தெரிஞ்ச ஆளு பக்கத்தில் இருக்கிறபோதும் அப்படிச் சாய்ந்து உட்கார முடிந்திருந்தால் அதைச் சமத்துவம் என்று சொல்லலாம். அந்த நாள் வருவதற்குள் அய்யா போய்ச் சேர்ந்துவிட்டார்.